புல்லுக்கேற்ற பசு

நியூசிலாந்தின் வைகாட்டோ சமவெளியில் ஒரு பசுவைக் காட்டி, "இது நல்ல மாடுதானா?" என்று கேட்டால், பண்ணைக்காரர் முதலில் அது கன்று போட்ட தேதியைச் சொல்வார். எத்தனை லிட்டர் கறக்கிறது என்பது அப்புறம்தான் வரும். ஜூலை நடுவில் ஈன்ற மாடு என்றால் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். செப்டம்பர் கடைசியில் ஈன்றது என்றால், எவ்வளவு கறந்தாலும் அடுத்த ஆண்டு அது மந்தையில் நிற்குமா என்பதே சந்தேகம்.

நான் தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் வைகாட்டோவின் ஹாமில்டன் நகரில் குடியிருப்பதால் அங்கே போய்த் தங்கவும், பண்ணைகளைப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. நம் பக்கம் சந்தையிலும் லிட்டர்தான் பேச்சு, வங்கிக் கடன் விண்ணப்பத்திலும் லிட்டர்தான் பேச்சு. அங்கே தேதி முதலில் வருவதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. மாட்டினம் என்பது இயற்கை கொடுத்த வரம் மட்டுமல்ல, ஒரு சமூகம் எதை அளந்ததோ அதன் விளைவு என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வைகாட்டோவில் குளிர்காலம் ஜூன், ஜூலை. அப்போது புல் மெல்ல வளரும். ஆகஸ்ட் பிற்பகுதியில் வேகமெடுத்து, வசந்தத்தில் ஒரு ஹெக்டேரில் நாளொன்றுக்கு 60 கிலோவுக்கு மேல் உலர்பொருள் விளையும். கோடையில் காய்ந்து தளரும். பால்பண்ணையின் தீவனச் செலவு ஏறத்தாழ முழுவதும் இந்தப் புல்தான் என்றால், மந்தை முழுவதும் புல் எழும்புவதற்குச் சற்று முன்பாக ஈன வேண்டும். கறவையின் உச்சமும் புல்லின் உச்சமும் ஒன்றாக வர வேண்டும். மே மாதம் எல்லா மாட்டையும் ஒருசேர வற்றவிட வேண்டும். ஆண்டுக்கு 365 நாள். சினைக்காலம் 282 நாள். மீதி 83 நாள். ஈன்ற கருப்பை தேறி, மாடு பருவத்துக்கு வந்து, சினை பிடிப்பது எல்லாம் இந்த 83 நாளுக்குள் நடந்தாக வேண்டும். நம் ஊரில் மாடு இந்த முறை தப்பிவிட்டால் "அடுத்த இருபத்தோரு நாள் பார்த்துக்கலாம்" என்போம். அங்கே இரண்டு மூன்று முறை தப்பிய மாட்டுக்கு அடுத்த வாய்ப்பு இல்லை. சினை இல்லாத மாடு இலையுதிர்காலத்தில் இறைச்சிக்குப் போகும்.

கொட்டகை இல்லாமல், கலப்புத் தீவனம் அதிகம் இல்லாமல், மழையிலும் பனியிலும் வெளியில் நின்று, தானே நடந்துபோய்த் தானே புல்லைக் கடித்து, இந்தக் காலக்கெடுவுக்குள் ஆண்டுதோறும் கன்று போடும் மாடு. அந்த நாடு தேடியது இதைத்தான். ஆனால் இதைத்தான் தேடுகிறோம் என்று அவர்களுக்கே புரிய நெடுங்காலம் பிடித்தது.

நியூசிலாந்துக்கு மாடு சொந்தமல்ல. 1814 டிசம்பரில் சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் 'ஆக்டிவ்' என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவிலிருந்து பே ஆஃப் ஐலண்ட்ஸுக்கு ஒரு காளையும் இரண்டு பசுக்களும் கொண்டுவந்து இறக்கினார். நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மக்வாரி கொடுத்த மாடுகள் அவை. குடியேறியவர்களின் முதல் மாடுகள் பெரும்பாலும் ஷார்ட்ஹார்ன் இனம்: வண்டி இழுக்கும், இறைச்சி தரும், கொஞ்சம் பாலும் தரும். 1862-இல் ஜெர்சி வந்தது. 1884-இல் ஃப்ரீசியன் வந்தது.

மேய்ச்சல் நிலமும் தானாக வந்ததல்ல. காடு வெட்டப்பட்டது, சதுப்பு நிலத்து நீர் வடிக்கப்பட்டது. வைகாட்டோவில் நடந்தது இன்னும் கொடுமை. 1863-இல் தொடங்கிய போருக்குப் பின் மாவோரி மக்களிடமிருந்து ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் பறிமுதல் செய்யப்பட்டது. 1995-இல் அரசு அதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டு ஒப்பந்தம் செய்தது. அந்தப் பச்சைப் பசேல் சமவெளியைப் புகழ்ந்து எழுதும் எவரும் அது யாருடைய நிலம் என்பதை மறக்கக் கூடாது. மாட்டின் வரலாறு நிலத்தின் வரலாற்றுக்கு மேல்தான் நிற்கிறது.

தரானாக்கி பகுதியில் காட்டை அழித்தபோது கீழே கிடந்து மட்கிய மரங்களில் ஒருவகைக் காளான் முளைத்தது. சீனாவிலிருந்து வந்த சூ சோங் என்ற வணிகர் அதை ரொக்கம் கொடுத்து வாங்கிச் சீனாவுக்கு அனுப்பினார். பண்டமாற்றில் காலம் தள்ளிய ஏழைக் குடியேறிகளின் கையில் காசு பார்க்க வைத்தது அந்தக் காளான். அதே மனிதர் 1887-இல் எல்தம் ஊரில் வெண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கினார். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1882 பிப்ரவரியில், 'டனீடின்' என்ற கப்பல் உறையவைத்த இறைச்சியோடு போர்ட் சாமர்ஸிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டிருந்தது. குளிர்பதனக் கப்பல் வந்தபின் உலகின் மறுமுனையிலுள்ள நாட்டுக்கும் வெண்ணெய்ச் சந்தை திறந்தது.

வெண்ணெய் என்றால் கொழுப்பு. 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் கந்தக அமிலத்தைக் கொண்டு பாலின் கொழுப்பை எளிதில் அளக்கும் சோதனையைக் கண்டறிந்தார். நம் பால் சங்கங்களில் நெடுங்காலம் பார்த்த கெர்பர் சோதனைக்கு அண்ணன் அது. தண்ணீர் கலந்து ஏமாற்றுவது அதோடு நின்றது. கொழுப்புக்குக் காசு என்றானதும் மாடு மாறத் தொடங்கியது. ஷார்ட்ஹார்ன் பின்வாங்கியது, பழுப்பு நிறச் சிறு மாடான ஜெர்சி முன்னுக்கு வந்தது. பண்ணையிலேயே கிரீமைப் பிரித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். மிச்சமான ஆடை நீக்கிய பால் பன்றிக்குப் போயிற்று. பாலில் உள்ள புரதத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஆகவே புரதத்துக்காக யாரும் மாட்டைத் தேர்ந்தெடுக்கவுமில்லை. 1960களின் தொடக்கம் வரை நாட்டின் கறவை மாடுகளில் பெரும்பான்மை ஜெர்சி.

தொழிற்சாலைக்குப் போன பால் மந்தை முழுவதன் பால். தனி மாடு எவ்வளவு தருகிறது? 1909-இல் வைராரப்பா பகுதியிலுள்ள டேல்ஃபீல்டில் பண்ணைக்காரர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து தங்கள் மாடுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாட்டின் மாலைப் பாலும் மறுநாள் காலைப் பாலும் எடை போடப்பட்டன. மாதிரி எடுத்துக் கொழுப்பு பார்க்கப்பட்டது. அந்த ஏற்பாடு பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரே கொட்டிலில், ஒரே புல்லில், ஒரே தோற்றத்தில் நிற்கும் மாடுகளுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பது அந்தத் தாள்களில்தான் முதன்முறை தெரிந்தது. ஓராண்டு முழுக்க ஒரு பலனுமில்லாமல் புல் தின்ற மாடு எது என்று கண்ணுக்குத் தெரியாது, ஏட்டில் தெரியும்.

இன்றும் அந்த வேலை நடக்கிறது. மகளின் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் ஒரு பண்ணை. அங்கே மந்தை மேலாளராக இருப்பவர் கிருஷ்ணகிரி பக்கத்துப் பையன். மந்தைச் சோதனை நடக்கும் நாளில் என்னை வரச் சொல்லியிருந்தார். ஹெரிங்போன் கொட்டில்: நடுவில் ஆள் நிற்கும் பள்ளம், இருபுறமும் மாடுகள் சாய்கோணத்தில் வரிசையாக நிற்கும். 1952-இல் வைகாட்டோவின் கார்டன்டனில் ரான் ஷார்ப் என்ற பண்ணைக்காரர் உருவாக்கிய அமைப்பு அது. கறப்பவர் குனிய வேண்டியதில்லை. மடி கண்ணுக்கு நேரே இருக்கும். ஒவ்வொரு கறவைக் குழாயிலும் அன்று மட்டும் ஓர் அளவுமானி கோத்திருந்தார்கள். ஓடும் பாலில் சிறு பங்கு அதில் தனியே சேரும். மாட்டின் எண்ணைக் குரல்கொடுத்துச் சொல்ல, ஒருவர் குப்பியை அடையாளமிட்டுத் தட்டில் வைக்கிறார். அடுத்த வரிசை. அடுத்த குப்பி. மாலையும் காலையும் இதே வேலை.

"இது எல்லா மாட்டுக்குமா தம்பி?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் சார். முதல் ஈத்துக் கிடேரியிலருந்து கிழடு வரைக்கும். கொழுப்பு, புரதம், செல் கவுன்ட், எல்லாம் ரிப்போர்ட்டுல வந்துரும். இது இல்லாம எந்த மாட்டை வச்சுக்கறது, எதைக் கழிக்கறதுன்னு எப்படிச் சார் முடிவு பண்றது?"

"ஊர்ல அப்பா எப்படி முடிவு பண்ணுவாரு?"

"பார்த்தே சொல்லுவாரு சார். ஆனா எங்க வீட்ல மூணு மாடுதான். இங்க நானூறு."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் இனவிருத்திக்கு மூன்று மாடு வைத்திருப்பவரின் ஏடும் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

1930களின் பிற்பகுதியில் பால் வாரியம் மந்தைச் சோதனையை நாடு தழுவிய ஒரே அமைப்பாக மாற்றியது. ஆர்தர் வார்ட் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். அதில் இரண்டாவது பெரிய உண்மை வெளிவந்தது. ஒரு காளையின் மகள்களை எல்லாம் சேர்த்துப் பார்த்து, அதே மந்தையில் அதே ஆண்டு கறந்த மற்ற மாடுகளோடு ஒப்பிட்டால் அந்தக் காளையின் மதிப்பு தெரிந்துவிடும். அதுவரை காளையைத் தேர்ந்தெடுத்தது கண்காட்சித் திடல். நேரான முதுகு, அழகிய தலை, கழுத்தில் பரிசு நாடா. மகள்களின் ஏடு வந்தபின், பரிசுக் காளைகளில் பல சாதாரணம் என்றும், பெயர் தெரியாத பண்ணைகளின் சில காளைகள் பொன் என்றும் தெரிந்தது. இனச் சங்கங்களுக்கு இது உவப்பாக இல்லை. ஆனால் மந்தை வைத்திருப்பவர் பரிசு நாடாவை விற்றுப் பிழைக்க முடியாது.

ஹாமில்டன் அருகிலுள்ள ருவாகுரா ஆராய்ச்சி நிலையம் இந்தக் கதையின் மற்றொரு தூண். அதன் இயக்குநர் மக்மீகன் 1940களிலிருந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: ஓர் ஏக்கரில் எவ்வளவு பால்? மாட்டுக்கு எவ்வளவு என்ற கேள்வியை அவர் இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். ஏக்கருக்கு மாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு மாடும் தரும் பால் கொஞ்சம் குறையும். ஆனால் வீணாகும் புல் குறைந்து, நிலம் தரும் மொத்தப் பால் கூடும். இதைப் பல ஆண்டுச் சோதனைகளில் நிறுவினார். 1960-இல் வெளியான அவருடைய 'புல்லிலிருந்து பாலுக்கு' என்ற நூல் பண்ணைக்காரர்கள் வீட்டில் வைத்திருக்கும் நூலாயிற்று. மாடு உயர்தீவனத்தில் எத்தனை லிட்டர் தாண்டும் என்ற போட்டி அங்கே செல்லாக்காசு ஆனது இந்தக் காலத்தில்தான்.

அதே ருவாகுராவில் ஜான் ஹேன்காக் செய்த வேலை எனக்கு மிகப் பிடித்தமானது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைக் கன்றுகளை நாட்டின் பல பகுதிகளிலிருந்து பண்ணைக்காரர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தார். மரபணு ஒன்றேயான ஜோடிகள். அவற்றைப் புல்வெளியில் விட்டு, இரவும் பகலும் ஆட்களை அமர்த்திக் கவனிக்கச் செய்தார். எந்த நேரம் மேய்கிறது, எந்த நேரம் அசைபோடுகிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, எவ்வளவு நேரம் படுக்கிறது என்று எல்லாம் எழுதப்பட்டன. ஜோடிக்குள் இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு ஒரேமாதிரி மேய்ந்தன. ஜோடிக்கும் ஜோடிக்கும் நிறைய வேறுபாடு இருந்தது. சில மாடுகள் பிறவியிலேயே ஊக்கமாக மேய்பவை, சில மந்தமானவை. மேய்வதும் இரத்தத்தில் இருக்கிறது. தொட்டியில் கொட்டியதைத் தின்னும் மாட்டில் இந்தக் குணம் வெளிப்பட வாய்ப்பே இல்லை. எந்தச் சூழலில் வாழப்போகிறதோ அந்தச் சூழலிலேயே மாட்டைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏடு நல்ல காளையைக் காட்டியது. ஆனால் ஒரு காளை எத்தனை பசுவைச் சேரும்? 1950களின் தொடக்கத்தில் சினை ஊசி பண்ணைகளுக்கு வந்தது. ஹாமில்டனை ஒட்டிய நியூஸ்டெட்டில் காளைகள் வைக்கப்பட்டன. இங்கே ஒரு சிக்கல். நாடெங்கும் எல்லா மாடும் அக்டோபரிலிருந்து சில வாரங்களுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுக்கச் சேமித்து உறைவிந்து செய்யலாம்; ஆனால் உறையவைக்கும்போது உயிரணுக்கள் பெருமளவில் சாகும் என்பதால் ஒரு குச்சிக்கு ஒன்றரை இரண்டு கோடி வரை வேண்டும். சிறந்த காளையின் விந்து அந்தக் கணக்கில் எல்லாருக்கும் எட்டாது.

பாட்ரிக் ஷானன் என்ற அறிவியலாளர் இதற்கு உறையவைக்காத வழியைக் கண்டார். கேப்ரோயிக் அமிலம் சேர்த்த கரைசலில் விந்தைக் கலந்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதிலுள்ள ஆக்சிஜனை விரட்டினார். சாதாரண வெப்பநிலையிலேயே அது இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தது. ஒரு மாட்டுக்கு 10 முதல் 20 லட்சம் உயிரணு போதுமானது. காலையில் எடுத்த விந்து குளிர்பெட்டியோ திரவ நைட்ரஜன் ஜாடியோ இல்லாமல் நாடெங்கும் போயிற்று. திரவ நைட்ரஜன் ஜாடியைச் சுமந்து கிராமம் கிராமமாக அலைந்த எங்களைப் போன்றவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஒரே காளை ஒரே பருவத்தில் பல பத்தாயிரம் பசுக்களுக்குப் பயன்பட்டது. ஆகவே மிகச் சில, மிகச் சிறந்த காளைகள் போதும் என்றாயிற்று. உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் இந்த முறை வேரூன்றவில்லை.

1961-இல் இளங்காளைச் சோதனைத் திட்டம் வந்தது. பண்ணைக்காரர்கள் பலர் தங்கள் மாடுகளுக்கு இன்னும் நிரூபிக்கப்படாத இளங்காளைகளின் ஊசியைப் போட்டுக்கொள்ள முன்வந்தார்கள். கிடேரி பிறந்து, வளர்ந்து, ஈன்று, கறந்த பிறகே அப்பனின் தரம் தெரியும். நல்ல மகள் வரலாம், மோசமான மகளும் வரலாம். அந்த நட்டத்துக்குத் துணிந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் மந்தையைப் பொதுச் சோதனைக்களமாகக் கொடுத்தன. அமைப்பும் அவர்களுடையது; கூட்டுறவு. அந்த நாட்டு மாட்டின் சிறப்புக்கு எந்தத் தனி மேதையையும்விட இந்தப் பகிர்வே காரணம் என்று நான் நம்புகிறேன்.

பிறகு சந்தை மாறியது, மாடும் மாறியது. டாங்கர் லாரிகள் வந்து முழுப் பாலையே எடுத்துச் சென்றன. பால் பவுடரும் கேசினும் ஏற்றுமதியாயின. பன்றிக்குப் போன புரதத்துக்கு மதிப்பு வந்தது. 1970 வாக்கில் கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் ஜெர்சியை முந்தியது. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்ததும் லண்டன் வெண்ணெய்ச் சந்தையின் பழைய உறுதி குலைந்தது. பின்னர் விலைக் கணக்கே திருத்தப்பட்டது: கொழுப்புக்குக் காசு, புரதத்துக்குக் காசு, பாலின் கொள்ளளவுக்குக் கழிவு. தண்ணீரை லாரியில் ஏற்றிச் சென்று ஆவியாக்கிப் பவுடராக்க ஆகும் செலவைப் பண்ணைக்காரரே ஏற்க வேண்டும் என்பது அதன் பொருள். லிட்டர் கூடினால் காசு குறையும் ஒரு விலை முறையை நம் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்தத் தருணத்தில் ஓர் ஆசை அவர்களையும் பிடித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹோல்ஸ்டீன் மாடுகள் மலைபோல் வளர்ந்து, குடம் குடமாகக் கறந்தன. 1980களிலும் 90களிலும் அவற்றின் விந்து ஏராளமாக இறக்குமதியாயிற்று. நியூசிலாந்து ஃப்ரீசியனில் அந்த இரத்தம் கலக்கக் கலக்க மாடு பெரிதாயிற்று, பாலும் கூடியது. ஆனால் பருவம் முடிந்து பார்த்தால் சினை இல்லாத மாடுகள் மிகுந்தன. 2001 முதல் ஹாமில்டனில் இதைச் சோதித்தார்கள். 1970களின் நியூசிலாந்து வகை, 1990களின் நியூசிலாந்து வகை, 1990களின் வெளிநாட்டு வகை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் புல்லில் விட்டார்கள். வெளிநாட்டு வகை கூடுதல் தீவனம் கொடுத்தால்தான் தன் திறமையைக் காட்டியது. புல் மட்டும் என்றால் உடம்பைக் கரைத்துப் பாலாக்கியது, மெலிந்தது, சினை பிடிக்கத் தவறியது. அயர்லாந்தின் மூர்பார்க் ஆராய்ச்சி நிலையமும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தது: மேய்ச்சலில் வருமானம் தந்தவை நியூசிலாந்து வகை மாடுகளே. மாட்டில் குறையில்லை. தானியமும் சோயாவும் கொட்டி வளர்க்கும் கொட்டகைக்காகப் பல தலைமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட மாட்டைப் புல்வெளியில் நிறுத்தினால் அது என்ன செய்யும்?

1996-இல் அவர்கள் தங்கள் அளவுகோலையே எழுத்தில் வைத்தார்கள். 'பிரீடிங் வொர்த்' என்பது அதன் பெயர். ஒரு குறிப்பிட்ட அளவு புல்லைத் தின்று, அந்த மாட்டின் மகள்கள் பண்ணைக்காரருக்கு எவ்வளவு லாபம் தருவார்கள் என்பதை டாலரில் சொல்லும் எண். கொழுப்பும் புரதமும் எண்ணைக் கூட்டும். பாலின் கொள்ளளவு குறைக்கும். மாட்டின் உடல் எடையும் குறைக்கும். பெரிய உடம்பு தன்னைத் தாங்கவே அதிகப் புல் தின்னும் என்பதால். சினை பிடிக்கும் திறனும் பின்னர் முறையாகச் சேர்ந்தது. ஜெர்சிக்கு ஒரு பட்டியல், ஃப்ரீசியனுக்கு ஒரு பட்டியல் என்றில்லாமல் எல்லா இனத்துக்கும் ஒரே தராசு. அந்தத் தராசில் இனப் பெருமை எடுபடவில்லை. இரண்டும் கலந்த நடுத்தர மாடு, ஏறத்தாழ 450, 480 கிலோ எடையில், கலப்பின வீரியத்தோடு மேலே வந்தது. 2005-இல் கலப்பினக் காளைகளே 'கிவிகிராஸ்' என்ற பெயரில் ஊசிக்கு விற்கப்பட்டன. இன்று அந்த நாட்டு மந்தையின் மிகப்பெரிய பங்கு அந்தக் கலப்பு மாடுதான்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலைப்பொழுது அந்தப் பண்ணைக்கு மறுபடி போயிருந்தேன். கறவை முடிந்து வரும் மாடுகளின் வால் எலும்புக்கு மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை பெயிண்ட் பூசியிருந்தது. பருவத்துக்கு வந்த மாட்டின் மேல் மற்ற மாடுகள் ஏறும்போது அந்தப் பெயிண்ட் உரசி அழிந்துவிடும். அழிந்த மாட்டைத் தனியே பிரித்துவிடுவார்கள். ஊசி போடுபவர் வந்து வேலையை முடித்துவிட்டு, வேறு நிறத்தில் பூசிவிட்டுப் போவார். நானூறு மாட்டுக்குச் சினைப்பருவம் பார்க்கும் முறை இவ்வளவுதான். பெரும் கருவி ஏதுமில்லை. ஒரு தூரிகை, ஒரு டப்பா, தினமும் தவறாத கண். அன்று பிரிக்கப்பட்ட மாடுகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். நம் வட்டாரத்துக் கலப்பின ஜெர்சியைவிடக் கொஞ்சம் பெரிதாக, காபிக்கொட்டை நிறத்தில், அகன்ற வாயோடு நின்றது. கால் குளம்பு கருத்துக் கெட்டியாக இருந்தது. தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும் மாட்டின் குளம்பு.

எல்லாம் நன்மையே என்று சொல்லமாட்டேன். சில காளைகளை நாடு முழுவதும் பயன்படுத்தினால் அவற்றின் குறையும் நாடு முழுவதும் பரவும். ஒரு காளையின் மகள்கள் அடர்ந்த சடைமயிரோடு பிறந்தன, வெயில் தாங்கவில்லை, பாலும் சுரக்கவில்லை. புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவில் ஏற்பட்ட புதிய மாற்றமே காரணம் என்று 2014-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அதே கட்டுரை, கரீபியன் தீவுகளின் செனபோல் மாட்டில் குட்டையான வழவழப்பான மயிரும் வெயில் தாங்கும் திறனும் அந்த ஹார்மோனின் ஏற்பியில் உள்ள வேறொரு மாற்றத்தால் வருவதையும் விளக்கியது. ஒரு பிழையைத் தேடிப்போன வழியில் வெப்பநாடுகளுக்கான ஒரு வரம் கிடைத்தது.

மரபணுவால் தீராத வேதனையும் உண்டு. பால் மந்தைக்கு வேண்டாத காளைக்கன்றுகள் பிறந்த சில நாளிலேயே லாரியில் ஏற்றப்படுகின்றன. காலக்கெடுவுக்குப் பொருத்த மருந்து கொடுத்து முன்கூட்டியே ஈனவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பொதுமக்களின் எதிர்ப்பால் 2015-இல் அதை நிறுத்தினார்கள். நான் மருத்துவன், அந்தக் கன்று லாரியைப் பார்க்கும்போது என் மனம் சமாதானமாகவில்லை. அளவுகோலில் எது சேரவில்லையோ அது கவனத்திலிருந்தும் விழுந்துவிடுகிறது. கன்றின் நலமும் ஆற்றுநீரின் தூய்மையும் அந்த எண்ணில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. அதற்கான விலையை அந்த நாடு இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நமக்கும் புல்லுக்கேற்ற மாடு புதிதல்ல. என் பணிக்காலம் கழிந்த காங்கேயம் வட்டாரத்தில் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம் தலைமுறைகளாக இருக்கிறது: சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். வேலிக்குள் மாட்டை விட்டு, மேய்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். குறைந்த மழையில் முளைக்கும் அந்தப் புல்லைத் தின்று வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணிய மந்தை அந்த இனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. உழவும் வண்டியும் அதன் அளவுகோலாக இருந்தன. அதற்கேற்ற மாடாக அது அமைந்தது. பின்னர் பால் வேண்டும் என்றதும் சமவெளிக்கு ஜெர்சியையும் மலைக்கு ஃப்ரீசியனையும் கலந்தோம். பால் பெருகியது, பல லட்சம் வீடுகளில், குறிப்பாகப் பெண்களின் கையில், வாரம் தவறாமல் பணம் புழங்கியது. அது பெரிய சாதனை. ஆனால் சித்திரை வெயிலில் மூச்சிரைக்காத மாடு எது, தட்டையிலும் வைக்கோலிலும் தாக்குப்பிடித்து ஆண்டுக்கொரு கன்று தரும் மாடு எது, அதன் அப்பன் எந்தக் காளை என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் ஏடு பெரும்பாலான மாடுகளுக்கு நம்மிடம் இல்லை.

நியூசிலாந்துக் காளையின் விந்தை வாங்கிவந்தால் இது தீராது. அந்த மாடு அந்தப் புல்லுக்கானது. வாங்கிவர வேண்டியது டேல்ஃபீல்டில் தொடங்கிய பழக்கத்தை. நம் மாடுகளின் காதில் ஏற்கெனவே 12 இலக்க எண் தொங்குகிறது. ஊர்தோறும் பால் சங்கமும், கொழுப்பு பார்க்கும் இயந்திரமும், தினமும் வந்து நிற்கும் பால்காரர்களும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே அளந்து, அந்த எண்ணுக்கு எதிரே எழுதலாம். ஊசி போட்ட தேதி, காளையின் எண், ஈன்ற தேதி, வெயில்காலத்தில் பால் எவ்வளவு குறைந்தது என்ற நான்கையும் சேர்க்கலாம். மூன்று மாடு வைத்திருப்பவரின் ஏடு தனியே பயன்படாது. முந்நூறு சங்கங்களின் ஏடுகள் ஒன்றுசேர்ந்தால் ஒவ்வொரு காளையின் மகள்களும் கணக்கில் வந்துவிடுவார்கள். அந்தக் கணக்கு சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். அளவுகோலில் என்னென்ன சேரும் என்பதை மாடு வளர்ப்பவர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். காளைக்கன்றின் கதியையும் அதில் சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு சங்கம் முன்வந்தால் போதும், இந்த மாதமே தொடங்கலாம்.